வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட்

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு சொகுசு விடுதி. வரவேற்புக் கூடத்துச் சுவரில் ஏர்க்கலப்பை, மரக்கால், அரிக்கேன் விளக்கு என்று பழைய சாமான்களை வரிசையாக மாட்டியிருக்கிறார்கள். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்காக அங்கே போயிருந்த ஓய்வுபெற்ற உதவி விதை அலுவலர் ஒருவர், அந்த வரிசையில் ஒரு பொருளின் முன்னால் நின்றுவிட்டார். வளைத்த மூங்கில் பத்தை, அதில் இழுத்துக் கட்டிய கயிறு, நடுவே ஒரு சின்னக் குச்சி. கீழே ஒட்டிய சீட்டில் ‘வேட்டை வில்’ என்று எழுதியிருந்தது.

“வில்லும் இல்ல, வேட்டையும் இல்ல. இது எலிக் கிட்டி” என்றார் பேத்தியிடம்.

“உனக்கு எப்படிப் பாட்டி தெரியும்?”

“பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்தாங்க.”

பேத்தி நம்பவில்லை. பள்ளிக்கூடத்தில் எலி பிடிக்கக் கற்றுக்கொடுப்பார்களா என்பது அவளுடைய நியாயமான சந்தேகம். ஆனால் பாட்டி சொன்னது உண்மை.

எண்பதுகளின் தொடக்கம். திருவிடைமருதூர் வட்டாரத்தில் ஓட்டுக் கட்டடமாக நின்ற ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. இலக்கிய மன்றத்துக்கு மேடையும் மைக்கும் உண்டு. அறிவியல் மன்றத்துக்கு வருஷத்துக்கு ஒரு கண்காட்சி உண்டு. விவசாய மன்றத்துக்கு இருந்ததெல்லாம் பள்ளிக்குப் பின்னால் பத்துக் குழி நிலமும், வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடும்தான். பன்னிரண்டு அடிக்குப் பன்னிரண்டு அடி ஒரு குழி. நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. ஏக்கரும் சென்டும் தாலுகா ஆபீஸ் காகிதத்தில் இருந்தன. பிள்ளைகள் வாயில் மாவும் குழியும்தான்.

மன்றத்தை நடத்தியவர் விவசாய வாத்தியார். அவர் போட்ட கணக்கு எளிமையானது. மேட்டூர் அணை 1934-ல் கட்டி முடிந்ததிலிருந்து டெல்டாவுக்கு ஜூன் 12 ஒரு முக்கியமான தேதி. பள்ளிக்கூடம் திறப்பதும் ஜூனில். குறுவை நெல்லுக்கு வயது 105, 110 நாள். காலாண்டுத் தேர்வு செப்டம்பர் கடைசியில். ஆக, முதல் பருவமும் குறுவைப் பட்டமும் ஒன்றாகத் தொடங்கி ஏறக்குறைய ஒன்றாக முடிகின்றன. விதை நேர்த்தியிலிருந்து அறுப்பு வரைக்கும் வாரம் ஒரு ஆளைக் கூப்பிட்டுப் பேசச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் பிள்ளைகளை ஓர் இடத்துக்குக் கூட்டிப்போக வேண்டும். அவ்வளவுதான் அவர் திட்டம்.

மன்றத்தில் பையன்கள் ஒரு கும்பல், பெண் பிள்ளைகள் மூன்று பேர். அந்த மூன்று பேரில் இந்தப் பாட்டியும் ஒருத்தி. கையெழுத்து நன்றாக இருந்த காரணத்தால் குறிப்பு எழுதும் வேலை அவளிடம் வந்தது. யார் வந்தார், என்ன சொன்னார், யார் என்ன கேட்டார் என்று நாற்பது பக்க நோட்டில் எழுத வேண்டும். அந்த நோட்டு இப்போது இல்லை. பள்ளிக்கு ஓட்டை எடுத்துவிட்டுத் தளம் போட்டபோது பழைய காகிதத்தோடு போயிருக்கும்.

முதல் கூட்டம் வகுப்பறையில் நடக்கவில்லை. மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்து, அங்கிருந்து காவிரி, வெண்ணாறு என்று பிரிந்து ஊர் வாய்க்காலுக்கு எட்டுகிற நாளுக்காக வாத்தியார் காத்திருந்தார். சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு தண்ணீர் வந்தது. அதற்கு முன்னால் பிள்ளைகள் ஓடினார்கள். ஒரு பாட்டி மஞ்சள் கரைத்து ஊற்றிக் கும்பிட்டாள். வாத்தியார் மடையருகே நின்று, எந்த மடை யாருக்கு, முறை எப்படி, கடைமடைக்காரன் ஏன் கோபக்காரனாக இருக்கிறான் என்று சொன்னார். அந்தக் கூட்டத்துக்குச் சிறப்புப் பேச்சாளர் யாரும் கிடையாது.

அடுத்தது முட்டை. ஒரு பக்கெட் தண்ணீரில் உப்பைப் போட்டுக் கரைத்துக்கொண்டே இருந்தார்கள். அடியில் கிடந்த கோழிமுட்டை மெல்ல எழும்பி, அதன் தலை நாலணாக் காசு அளவுக்கு வெளியே தெரிந்ததும் நிறுத்தச் சொன்னார் வாத்தியார். அந்த உப்புத் தண்ணீரில் விதைநெல்லைக் கொட்டினால் பதர் மிதக்கும், கனத்த மணி அடியில் தங்கும். தங்கியதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் உப்பு முளையைக் கெடுத்துவிடும். பரிசோதனை முடிந்ததும் முட்டை யாருக்கு என்பதில் பெரிய சண்டை. கொண்டுவந்தவன் வீட்டுக்கே திரும்பப் போனது.

பிறகு வேளாண் துறையிலிருந்து ஓர் அலுவலர் வந்தார். பேன்ட், சட்டைப் பையில் இரண்டு பேனா, கையில் படம் போட்ட அட்டைகள். புகையானையும் தண்டுத் துளைப்பானையும் இலைச் சுருட்டுப் புழுவையும் வண்ணப் படத்தில் அவள் முதன்முதலாகப் பார்த்தது அன்றுதான். ஒரு ஏக்கர் நடவுக்கு எட்டு சென்ட் நாற்றங்கால், 15-க்கு 10 சென்டிமீட்டர் இடைவெளி, சதுர மீட்டருக்கு 66 குத்து என்று எழுதிப்போட்டார். “உங்க ஊர்ல எண்ணிப் பார்த்தா நாப்பதுகூடத் தேறாது. ஏன் கலக்க நடுறீங்க?” என்று வகுப்பைப் பார்த்துக் கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. வெளியே வந்து பத்துக் குழி நிலத்தில், துணி மூட்டையில் பி.எச்.சி. பவுடரைக் கட்டித் தட்டித் தூவிக் காட்டினார். முகத்தில் துணி கட்டவில்லை, கையில் உறை இல்லை. பிள்ளைகள் அந்த நெடிக்குள்ளேயே நின்று வேடிக்கை பார்த்தார்கள். அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் தூவினார்கள். 1997-ல் அந்த மருந்தை இந்தியாவில் தடை செய்தார்கள். அதற்குள் வயலில் எவ்வளவு தூவி முடித்திருப்போம் என்று பாட்டி இப்போதும் சில சமயம் யோசிப்பதுண்டு.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை வாத்தியார் வேண்டுமென்றே ஊரின் வயசான மிராசுதார் ஒருவரைக் கூப்பிட்டிருந்தார். அவர் நாற்காலியில் உட்கார்ந்ததும் போன வாரத்து அலுவலரை ஒரு பிடி பிடித்தார். யூரியா போட்டால் பயிர் கறுக்கும், பூச்சியும் தேடி வரும் என்றார். கோடையில் ராமநாதபுரம் பக்கமிருந்து கீதாரிகள் ஆட்டை ஓட்டிவந்து கிடை போட்ட காலத்தையும், கொழிஞ்சியும் பூவரசந் தழையும் சேற்றில் மிதித்த காலத்தையும் சொன்னார். எல்லாம் சரிதான். ஆனால் பேச்சு ரகத்துக்குத் திரும்பியபோது அவரே ஒத்துக்கொண்டார்: அறுபதுகளின் நடுவில் ஆடுதுறை 27 வந்தபோது அதை முதலில் போட்ட ஆட்களில் அவரும் ஒருவர். “திருச்சி ரேடியோவுல சாயங்காலம் சாயங்காலம் அதைத்தானே சொன்னான். ரேடியோ நெல்லுன்னே பேரு வச்சுட்டோம்” என்றார். டெல்டா முழுக்க அந்தப் பெயர் நிலைத்தது. திருச்சி வானொலியின் பண்ணை இல்ல ஒலிபரப்பு சம்பாதித்த பெயர் அது. அதே காலத்தில் வந்த ஐ.ஆர். 8 ரகத்தின் விளைச்சலைப் பார்த்துப் பூரித்துப்போய், வட ஆற்காடு மாவட்டத்தில் ஒரு விவசாயி பிறந்த மகனுக்கு ‘ஐ.ஆர். எட்டு’ என்றே பெயர் வைத்த கதையையும் வாத்தியார் அன்று சொன்னார். பையன்கள் அன்று முழுக்க ஒருத்தரை ஒருத்தர் நெல் பெயர் வைத்துக் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

அந்தப் பருவத்தில் அவள் மறக்காத வெள்ளிக்கிழமை அதற்கப்புறம் வந்தது.

பத்துக் குழியில் சேடை ஓட்டிப் பரம்படித்தாகிவிட்டது. நடவுக்கு முதல் நாள், பேச யார் வருகிறார்கள் என்று வாத்தியார் சொல்லவில்லை. கடைசிப் பீரியட் மணி அடித்ததும் வாசலில் வந்து நின்றது அவளுடைய அம்மா. சேற்று வேலையிலிருந்து நேரே வந்திருந்தார். கால் மட்டும் கழுவியிருந்தது. வாசற்படிக்கு வெளியே நின்றவரைப் பார்த்து வாத்தியார், “உள்ள வாங்கம்மா, உக்காருங்க” என்றார். மிராசுதார் உட்கார்ந்த அதே நாற்காலி. அந்த ஊரில், அந்தத் தெருவிலிருந்து வந்த ஒரு நடவாளைப் பள்ளிக்கூடத்து வாத்தியார் ‘வாங்க’ என்று சொல்லி நாற்காலி போட்டதை முன்வரிசைப் பையன்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டே உள்வாங்கிக்கொண்டார்கள். அம்மா உட்காரவில்லை. “நின்னே சொல்றேன் சார்” என்றார். வாத்தியாரும் அதன் பிறகு உட்காரவில்லை.

கரும்பலகையில் வழக்கம்போல ‘சிறப்புப் பேச்சாளர்’ என்று எழுதி, கீழே அம்மாவின் பெயரை வாத்தியார் எழுதியிருந்தார். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. மகள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலில் நாற்றுப் பறி. வெடுக்கென்று இழுத்தால் வேர் அறும். நாலைந்து நாற்றாகப் பிடித்துச் சாய்த்து இழுக்க வேண்டும். தண்ணீரில் அலசி, காலில் தட்டி மண்ணை உதிர்த்து முடி கட்ட வேண்டும். நாற்று வளர்ந்திருந்தால் நுனியைக் கிள்ளிவிட்டு நட வேண்டும். “நுனியிலதான் பூச்சி முட்டை வச்சிருக்கும்” என்றார். தண்டுத் துளைப்பான் முட்டையிடுவது இலை நுனியில்தான் என்று அலுவலரின் அட்டையிலும் இருந்தது. நடும்போது விரல் எவ்வளவு இறங்கலாம் என்பதற்குக் கையைக் காட்டினார்: “ரெண்டு விரக்கடைக்கு மேல போனா தூர் வெடிக்காது. நாத்து உள்ளயே கெடந்து திணறும்.” குத்துக்கு எத்தனை நாற்று என்று கேட்டதற்கு, “ரெண்டு, மூணு போதும். பயந்தவங்கதான் அஞ்சாறு வைப்பாங்க.”

அப்போதுதான் வாத்தியார், அலுவலர் விட்டுப்போன கேள்வியைக் கேட்டார். ஏன் கலக்க நடுகிறார்கள்?

அம்மா கொஞ்சம் தயங்கினார். பின்வரிசையில் அவர் வேலை செய்யும் பண்ணையின் பிள்ளை உட்கார்ந்திருந்தான். பிறகு சொன்னார்: “நாள் கூலின்னா நெருக்கி நடுவோம் சார். மாவுக்கு இவ்வளவுன்னு கொத்து பேசிட்டா கலக்கத்தான் வைப்போம். பொழுதுக்குள்ள எத்தனை மா முடிக்கிறோமோ அத்தனை கூலி. நெருக்கி நட்டா எங்க வயிறு காயும், கலக்க நட்டா அவங்க பத்தாயம் காயும். கூலியைப் பேசறப்ப இதைப் பேசிக்கணும்.”

வகுப்பு கப்சிப். ஒரு பையன், “அப்படின்னா வேணும்னுதான் செய்யறீங்களா?” என்று கேட்டான். அம்மா சிரித்துவிட்டு, “தம்பி, உங்கப்பாகிட்ட கேளு, கொத்துப் பேசறது நாங்களா அவங்களான்னு” என்றார். அவள் எல்லாவற்றையும் அப்படியே நோட்டில் எழுதினாள். வாத்தியார் படித்துப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தையையும் திருத்தாமல் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் நடவில், வசதியான வீட்டுப் பிள்ளைகள் நட்ட வரிசை பாம்பாக நெளிந்தது. பாதி நாற்று சாயங்காலமே மிதந்தது. நடவு வீடுகளிலிருந்து வந்த பிள்ளைகள் குனிந்தால் நிமிராமல் பின்னாலேயே நகர்ந்தார்கள். குத்துகள் ஒழுங்காக நின்றன. பள்ளிக்கூடத்தில் அதுவரை முதல் ரேங்க் பட்டியலில் வராத பெயர்களை அன்று வாத்தியார் உரக்கக் கூப்பிட்டார்.

ஆடுதுறைப் பயணம் ஆவணியில். மீட்டர் கேஜ் பாசஞ்சர், ஜன்னலோரச் சண்டை, தூக்குவாளியில் புளிச்சோறு. அங்கே இருந்தது 1922-ல் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையம். ஊர் வழக்கில் ‘பண்ணை’. வயல் சின்னச் சின்னப் பாத்திகளாகப் பிரிந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு தகர அட்டை. அங்கிருந்த ஆராய்ச்சியாளர் ஒரு நெற்பூவைக் காட்டினார். அதைப் பூ என்று அதுவரை பிள்ளைகள் யாரும் நினைத்ததில்லை. உமியின் நுனியைக் கத்தரித்து, உள்ளே ஊசி விட்டு, மகரந்தப் பையை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். எல்லோரும் எண்ணினார்கள். ஆறு. பிறகு அந்தக் கதிருக்கு வேறு ரகத்தின் மகரந்தத்தை உதிர்த்து, காகித உறை மாட்டி, தேதி எழுதினார். இது நல்ல ரகமாகி உங்கள் வயலுக்கு வர பத்து வருஷம் ஆகலாம், வராமலே போகவும் செய்யலாம் என்றார். அப்போது புதிதாக வந்திருந்த ஆடுதுறை 36, திரிவேணியையும் ஐ.ஆர். 20-ஐயும் இணைத்து எடுத்தது. ஆடுதுறை 27-ல் ஒரு பக்கம் நம் ஊர் ஜி.இ.பி. 24, மறுபக்கம் ஜப்பானின் நோரின் 10. ஜி.இ.பி. 24 என்ற அந்த நெல் கோயம்புத்தூரில் கிச்சிலி சம்பாவிலிருந்து தேர்ந்தெடுத்தது என்று கேட்டபோது, மிராசுதாரும் அலுவலரும் போட்ட சண்டை அவளுக்கு ஞாபகம் வந்தது. பழைய ரகமும் புதிய ரகமும் அப்படி ஒன்றும் தூரத்துச் சொந்தம் இல்லை போலிருக்கிறது. திரும்பும்போது ரயிலில் பெரும்பாலோர் தூங்கிவிட்டார்கள். அவள் தூங்கவில்லை. ஊசியும் உறையுமாக ஒரு வேலை இருக்கிறது, அதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்பதே அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது.

கிட்டிக்காரர் வந்தது கதிர் பால் பிடித்த சமயம். அவர் பேசவே இல்லை. தோளில் கிட்டிக் கட்டு, மடியில் இரைக்கு அரிசி. வரப்போரம் எலி நடந்த தடத்தைக் குனிந்து பார்த்து, அங்கங்கே குத்தி வைத்துவிட்டுப் போனார். எலி இரையை இழுத்தால் குச்சி நழுவும், வில் விடுபடும், கயிறு கழுத்தை இறுக்கும். விஷம் கிடையாது, மின்சாரம் கிடையாது. மறுநாள் காலையில் பிரேயருக்கு முன்பே பாதிப் பள்ளிக்கூடம் வரப்பில் நின்றது. எலிக்கு இவ்வளவு என்று எண்ணிக் காசு வாங்கிக்கொண்டார். எலிகளையும் அவரே எடுத்துக்கொண்டார். வயல் எலி சில வீடுகளில் குழம்பு, சில வீடுகளில் வாயால் சொல்லக்கூடாத பேச்சு. அந்த வித்தியாசத்தை அன்று காலை யாரும் பேசவில்லை.

கடைசிப் பயணம் நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு. ஈரப்பதம் அளவைத் தாண்டினால் எடுக்க மாட்டோம் என்று அங்கே ஒரு வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது. இன்றும் 17 சதவீத ஈரப்பத வரம்புக்காகத்தான் ஒவ்வொரு ஐப்பசியிலும் மனு எழுதுகிறார்கள், தளர்வு கேட்கிறார்கள். குறுவை அறுப்பும் மழையும் ஒன்றாக வருவது பழைய வியாதி. அதற்கு மருந்து தேடித்தான் 1967-ல் திருவாரூர் நவீன அரிசி ஆலை வளாகத்தில் ஒரு சின்ன ஆய்வுக்கூடம் வைத்தார்கள். அது பின்னாளில் தஞ்சாவூருக்குப் போய், இப்போது தேசிய அளவிலான உணவுத் தொழில்நுட்பக் கல்வி நிறுவனமாக வளர்ந்து நிற்கிறது. நெல்லை நனைக்கும் மழை மட்டும் மாறவில்லை.

நோட்டு எழுதிய அந்தப் பெண் விவசாயப் படிப்பு படித்து, விதைத் துறையில் சேர்ந்து, இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒற்றை நாற்று நடவைப் பரப்பும் வேலையில் ஊர் ஊராகப் போனார். பதினான்கு நாள் நாற்று, குத்துக்கு ஒன்று, 25-க்கு 25 சென்டிமீட்டர். கணக்குப் பார்த்தால் சதுர மீட்டருக்கு 16 குத்து. அறுபத்தாறு வேண்டும் என்று திட்டிய துறையே பதினாறு போதும் என்று சொல்ல வந்துவிட்டதே என்று ஒரு ஊரில் பெரியவர்கள் சிரித்தார்கள். இரண்டும் ஒன்றல்ல என்று அவர் விளக்கினார்: இளநாற்று, சதுர நடவு, உருளும் களைக்கருவி, காயவிட்டுப் பாய்ச்சும் தண்ணீர் எல்லாம் சேர்ந்தால்தான் அந்தப் பதினாறு வெடித்து நிரம்பும். அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் கூலியை எப்படிப் பேசினீர்கள் என்று எல்லா ஊரிலும் முதல் கேள்வியாகக் கேட்கும் வழக்கம் அவருக்கு வந்தது வேளாண் கல்லூரியில் அல்ல.

இப்போது டெல்டாவில் இயந்திர நடவு பரவிவிட்டது. பாய் நாற்றங்காலைச் சுருட்டி ஏற்றி, ஒரு இளைஞர் ஓட்டிக்கொண்டே நட்டுவிடுகிறார். ஆள் நடவு இருக்கும் இடங்களில் பீகாரிலிருந்தும் மேற்கு வங்கத்திலிருந்தும் வந்தவர்கள் நடுகிறார்கள். அணையும் பழைய தேதிக்கு எப்போதும் திறப்பதில்லை. 2020-ல் ஜூன் 12 அன்று திறந்தபோது, எட்டு வருஷத்துக்குப் பிறகு உரிய நாளில் என்று செய்தி போட்டார்கள். 2022-ல் மே 24-லேயே திறந்தது. 2024-ல் ஜூலை கடைசி வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அவர் படித்த பள்ளியில் இப்போது விவசாய மன்றம் இல்லை. பசுமைப் படை இருக்கிறது. ஜூன் 5 சுற்றுச்சூழல் நாளை ஒட்டி அவரைப் பேச அழைக்கிறார்கள். மரக்கன்று, சால்வை, குழுப் படம் எல்லாம் நடக்கின்றன. பிள்ளைகள் அழகாக உரை படிக்கிறார்கள். கேள்வி கேட்கச் சொன்னால் மட்டும் ஆசிரியர் எழுதிக் கொடுத்த கேள்வி வருகிறது. இதை அவர் குறையாகச் சொல்வதில்லை. அந்த ஆசிரியருக்குத் தர வேண்டிய நேரத்தை யாரும் தரவில்லை என்கிறார். ஆனால் மேடையிலிருந்து சொல்லும் பேச்சுக்கு யாரும் எதிர்ப்பேச்சு பேச மாட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறார். அவருடைய மன்றத்தில் அலுவலரை மிராசுதார் மறுத்தார், மிராசுதாரை அவர் போட்ட நெல்லே மறுத்தது, எல்லோரையும் அம்மா மறுத்தார். பிள்ளைகள் நடுவில் உட்கார்ந்து கேட்டார்கள்.

டெல்டாவில் வேலை பார்க்கும் ஆசிரியர்களிடம் அவர் கேட்பது ஒன்றுதான். அடுத்த குறுவையில் ஒரே ஒரு வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடை ஒதுக்குங்கள். கை நடவு நட்ட பெண்கள் அறுபதையும் எழுபதையும் தாண்டி இன்னும் ஊரில்தான் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரைக் கூப்பிடுங்கள். அடுத்த வாரம் நடவு இயந்திரம் ஓட்டும் பையனையும், அதற்கடுத்த வாரம் பீகாரிலிருந்து வந்திருக்கும் ஒருவரையும், இந்தி தெரிந்த யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொண்டு, கூப்பிடுங்கள். நாற்காலி போடுங்கள். பேச வந்தவர் பெயரைக் கரும்பலகையில் முழுசாக எழுதுங்கள்.